முகமூடிக்குள் உன் அப்பாவின் குரல்

பரணி, இதை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 'ழ' வரும் இடத்திலெல்லாம் நின்று, நாக்கை மடித்துப் பார்த்துவிட்டு மேலே போவாயே, அப்படித்தான் இப்போதும் போவாய். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் வேலைக்குப் போகும் ரயிலில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு மூடி வைத்துவிடுவாய். நீ கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும் என்பதற்காகவே தமிழில் எழுதுகிறேன். போன வாரம் தொலைபேசியில், அப்பா வருகிற ஞாயிற்றுக்கிழமை மெல்போர்னுக்கு வருகிறார், இந்த முறை இங்கேயே இருந்துவிடப் போகிறார் என்று சொன்னேன். "ஓகே அம்மா, குட் ஃபார் யூ" என்றாய். பிறகு சிட்னியில் இரண்டு நாளாக மழை என்றாய். நானும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல நினைத்த எதையும் சொல்லவில்லை. அது எனக்குப் புதிதும் இல்லை.

பேச்சு எனக்கு வராது. தாராவியில் தோல் பட்டறை வேலைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்து, எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'பிரசன்ட்' சொல்லக்கூடக் குரல் எழும்பாமல், வந்த நாட்களிலும் வராதவளாகப் பதிவாகியிருக்கிறேன். நுண்ணுயிரியல் எடுத்ததற்குக்கூட, கண்ணாடித் தட்டில் வளர்கிறவை பதிலுக்குப் பேச்சை எதிர்பார்க்காது என்பதுதான் காரணமோ என்று பின்னால் யோசித்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் உன் அப்பாவை முதலில் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன். மாட்டுங்காவில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மண்டபத்து ஒலிபெருக்கியில் ஒரு குரல், வாசலில் பச்சை ஸ்கூட்டரை நிறுத்தியிருப்பவர் தயவுசெய்து வந்து எடுக்க வேண்டும், மாப்பிள்ளையின் கார் உள்ளே வர முடியவில்லை என்று தமிழில் சொன்னது. அதையே இந்தியில் சொன்னது, மராத்தியிலும் சொன்னது. திட்டு வாங்க வேண்டிய அந்த ஸ்கூட்டர்க்காரர், மேடைக்கு அழைக்கப்பட்டவர் மாதிரி சட்டையை நீவிக்கொண்டு எழுந்து போனார். யார் பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அந்தக் குரல் பிடித்துவிட்டது. உன் அப்பா அப்போது வானொலியில் தைலத்துக்கும் டார்ச் விளக்குக்கும் இந்தியில் விளம்பரம் பேசிக்கொண்டிருந்தார்.

என் படிப்பை வைத்துத்தான் நமக்கு ஆஸ்திரேலியாவுக்கு விசா கிடைத்தது. நீ அப்போது அம்மா இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. மெல்போர்னில், மல்கிரேவ் பகுதியில் இரண்டு அறை வீடு, எனக்கு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. பேச வேண்டாத வேலை, எனக்கென்று ஒரு மேசை, மேசை மேல் என் பெயர். எனக்கு இந்த ஊர் பொருந்திவிட்டது. உன் அப்பாவுக்குக் கார் உதிரி பாகத் தொழிற்சாலையில் வேலை. அங்கே எல்லோரும் நாள் முழுக்கக் காதுக்கு மூடி போட்டிருப்பார்கள். குரலைத் தவிர வேறு சொத்து இல்லாத மனுஷர், காதை மூடிக்கொண்ட கூட்டத்துக்கு நடுவில் நின்றார். வெளியே வந்து பேசினால் "சாரி மேட்?" என்பார்கள். திரும்பச் சொல்வார். மறுபடி "சாரி?" என்பார்கள். கடைசியில் கையால் காட்டிப் பொருளை வாங்கிக்கொண்டு வருவார். வீட்டில் உன்னைக் குளிப்பாட்டும் நேரம் மட்டும்தான் பழைய குரல் கேட்கும். குளியலறை ஓடுகளில் குரல் நன்றாக எதிரொலிக்கும் என்று, சிங்கம், போலீஸ்காரர், தண்ணீர் லாரி டிரைவர் எல்லாமாகப் பேசி உன்னைச் சிரிக்க வைப்பார். நான் கதவுக்கு வெளியே துண்டோடு நிற்பேன். உள்ளே கொடுக்க மாட்டேன். கொடுத்தால் முடிந்துவிடுமே.

அப்புறம் பம்பாயிலிருந்து அவருடைய பழைய நண்பர் கூப்பிட்டார். வெளிநாட்டுப் படங்களை, அதிலும் முகமூடி போட்டுப் பறக்கிற சூப்பர் ஹீரோ படங்களை, இந்தியில் பேசவைத்து வெளியிடப் போகிறார்கள், சின்ன ஊர்த் தியேட்டர்களில்கூட ஓடப் போகிறது, ஹீரோவுக்குக் கனமான ஒரு குரல் வேண்டும் என்றார். உன் அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. "போங்க. ஒரு படம்தானே" என்று நான்தான் சொன்னேன். அவர் நம்மை விட்டுவிட்டு ஓடினார் என்று நீ உன் நண்பர்களிடம் சொல்வது எனக்குத் தெரியும். ஓடவில்லை. நான் அனுப்பினேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை. கண்ணெதிரே ஒருவர் ஊமையாகிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே சோறு பரிமாற என்னால் முடியவில்லை.

பக்கத்து வீட்டு சறோ அன்ரிதான் விமான நிலையத்துக்குக் காரோட்டிக் கூட்டிப்போனார். யாழ்ப்பாணத்துக்காரர், நம் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் நின்றவர், உனக்கு நினைவிருக்கும். நீ ஒன்றாம் வகுப்பு. உன் அப்பா உன்னைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு, "வர்றேன்டா" என்று சொல்லி உள்ளே போனார். கதவு மூடியதும் வா போகலாம் என்று கையைப் பிடித்தேன். நீ நகரவில்லை. அங்கே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டாய்.

"அப்பா வர்றேன்னு சொன்னாங்க. வெயிட் பண்ணணும்."

சறோ அன்ரிதான் உன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கதிரையை விட்டு எழும்பு ராசா. வாறன் எண்டால் போறன் எண்டுதான் அர்த்தம்."

"அப்ப ஏன் போறேன்னு சொல்லல?"

"ஐயோ, போறன் எண்டு சொல்லப்படாது. அது கூடாத சொல்லு. நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான். நானும் உங்கட வீட்டால வெளிக்கிடேக்க போட்டு வாறன் எண்டுதானே சொல்லுறனான்?"

"அப்ப நிஜமாவே வரும்போது என்ன சொல்லுவீங்க?"

"அப்பவும் வாறன் எண்டுதான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "எந்த வர்றேன் எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். சறோ அன்ரி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கைப்பைக்குள் மிட்டாய் தேட ஆரம்பித்தார். பரணி, எனக்கு இத்தனை வயதாகியும் உன்னுடைய அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. சொன்னவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். முகம் தெரியாத இடத்தில் காத்திருந்துதான் தெரிந்துகொள்கிறோம். அன்று உன்னைத் தூக்கிக்கொண்டுதான் கார் வரைக்கும் வந்தேன். கார் கண்ணாடி வழியாக நீ பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாய்.

ஆனால் அவர் வந்தார். அதை மறந்துவிடாதே. ஒரு படம் முடிந்ததும் வந்து, பம்பாயின் மழைக்காலம் முழுக்க இங்கே இருந்தார். மறுபடி கூப்பிட்டார்கள், போனார், மறுபடி வந்தார். முதல் படத்தின் வீடியோ கேசட்டை யாரோ ஊரிலிருந்து வருகிறவரிடம் கொடுத்து அனுப்பினார். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கத்தரிக்கோல் எடுக்கக்கூட உனக்குப் பொறுமை இல்லை, பல்லால் கடித்தாய். திரையில் வெள்ளைக்கார முகம், கட்டடம் கட்டடமாகத் தாவுகிற உடம்பு, அதற்குள் உன் அப்பா. உனக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. அது உனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அந்த ஆள் ஒரு காரைத் தூக்கும்போது 'ஹ்ம்ம்ப்' என்று ஒரு மூச்சு விடுவான். "அம்மா, இது அரிசி மூட்டை!" என்று கத்தினாய். உண்மைதான். இந்தியக் கடையிலிருந்து அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றும்போது உன் அப்பா விடுகிற மூச்சு அப்படியே அதுதான். வசனம் மட்டுமில்லை, மூச்சு, முனகல், அடி வாங்குகிற சத்தம் எல்லாவற்றையும் டப்பிங்கில் புதிதாகப் பேசித்தான் சேர்க்க வேண்டும் என்று பிறகு தொலைபேசியில் சொன்னார்.

அந்தத் தொழிலைப் பற்றி எவ்வளவு சொல்லிக்கொடுத்தார் உனக்கு! ம, ப, இந்தியில் ப-வின் அழுத்தமான வகைகள், இவற்றுக்கெல்லாம் உதடு ஒட்டும். திரையில் இருக்கிறவனின் உதடு ஒட்டுகிற இடத்தில் நம் வசனத்திலும் உதடு ஒட்டுகிற சொல் விழ வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிறவனுக்குப் பொய் என்று தெரிந்துவிடும். அதனால் வசனம் எழுதுகிறவருக்கு முகமூடிக் காட்சி வந்தால் கொண்டாட்டம். வாய் தெரியாது, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். "முகமூடி போட்டுக்கிட்டா எங்களுக்கு லீவுடா பரணி. கழட்டிட்டான்னா பரீட்சை" என்பார். நீ கண்ணாடி முன்னால் நின்று 'மம்மி, பப்பி, பிக் பம்கின்' என்று உதட்டை ஒட்டி ஒட்டிப் பார்ப்பாய். வகுப்பில் ஏதாவது ஒன்றைக் காட்டிப் பேசும் நாளில் அந்தக் கேசட்டைத்தான் கொண்டுபோனாய். உன் ஆசிரியை இரண்டு நிமிடம் ஓடவிட்டாராம். பிள்ளைகள் முதலில் சிரித்தார்களாம். பிறகு உன் பக்கத்தில் உட்காரும் பையன், "பார்னி, உங்கப்பா நிஜ ஆளைவிட முரடனா இருக்காரே" என்றானாம். அன்று சாயங்காலம் நீ வீட்டுக்குள் நடந்து வரவில்லை. சோபாவிலிருந்து சோபாவுக்குத் தாவித்தான் வந்தாய்.

நீ தூங்கிய பிறகோ, நீ நீச்சலுக்குப் போன நேரத்திலோ, அந்தக் கேசட்டை நானும் போட்டுக் கேட்டிருக்கிறேன். படம் பார்க்க மாட்டேன். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடிப்பேன். அந்த வெள்ளைக்காரக் கதாநாயகியிடம் அவர் இந்தியில் எத்தனையோ சொல்லியிருக்கிறார். என்னிடம் தமிழில் அதில் பாதிகூடச் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்லிப் பழகியதில்லை. எனக்குச் சேர வேண்டியது எல்லாம் வேறொருத்திக்குப் போகிறதே என்று ஒரு நாள் சறோ அன்ரியிடம் சொல்லிச் சிரித்தேன். "உங்கட மனுசன் உங்களை நினைச்சுத்தான் பிள்ளை கதைக்கிறார். உந்த வெள்ளைச்சியின்ர சேட்டைக்கு ஆருக்கு அப்பிடிக் குரல் உருகும்?" என்றார். மறுத்துப் பேசாமல் நிறையத் துணி மடித்தேன் அன்று.

இனி அந்தக் கூரைக் காட்சிக்கு வருகிறேன். இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான்.

உனக்குப் பதிமூன்று வயது. அவர் பேசிய படங்களிலேயே பெரிய படம் அது. குறுந்தட்டு வந்ததும் உன் வகுப்பு ரோஹித்தை வீட்டுக்குக் கூட்டி வந்தாய். டெல்லிப் பையன், இந்தி தெரிந்தவன். உன் அப்பா என்ன சொல்கிறார் என்று முதல்முறையாக ஒருவன் உனக்குச் சொல்லப் போகிறான் என்று உனக்கு எவ்வளவு ஆசை! சறோ அன்ரியும் வடைத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். படத்தின் கடைசியில் ஹீரோ தன் காதலியைக் கூரையில் விட்டுவிட்டு ஒரேயடியாகப் போகிறான். தன்னோடு இருந்தால் அவள் உயிருக்கு ஆபத்து என்பதால் இனி அவளைப் பார்க்கவே கூடாது என்று போகிறான். போகும்போது முதுகைக் காட்டி நின்றபடி சொல்கிறான்: "ஆத்தா ஹூம்."

"உந்த ஆள் என்னத்துக்குக் கூரையில நிண்டு ஆத்தாவைக் கூப்பிடுது?" என்றார் சறோ அன்ரி. எனக்குச் சிரிப்பு வந்தது. ரோஹித் வேறு எதற்காகவோ சிரித்துக்கொண்டிருந்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. என்ன என்று நீ கேட்டாய். 'இதோ வந்துடறேன்' என்று அர்த்தம், பால் வாங்கப் போகிறவன் சொல்கிற மாதிரி, ஆயுசுக்கும் பிரிந்து போகிறவன் யாராவது அப்படிச் சொல்வானா, எழுதினவனுக்குப் புத்தி இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னான். நீ சிரிக்கவில்லை. தட்டை வெளியே எடுத்து உறையில் போட்டாய். உன் முகத்தைப் பார்த்த சறோ அன்ரி வடைத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் கூப்பிட்டபோது என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் திரும்பி வரப்போவதில்லையே, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாய். அந்தப் பக்கம் அவர் தடுமாறியது எனக்கும் கேட்டது. "அது... நம்ம வாயில போறேன்னு வராதுடா பரணி..." என்றார். "யூ ஆல்வேஸ் ஸே யூ ஆர் கமிங்" என்றாய். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாய். என் கையில் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு உன் அறைக்குள் போனாய். அந்த நாளுக்குப் பிறகு நீ அவரோடு பேசவே இல்லை.

டப்பிங் அறையில் நடந்ததை அவர் எனக்குப் பிறகு சொன்னார். உனக்குச் சொல்லக் கூடாது என்றார். ஏன் என்று கேட்டால், "சின்னப் பையன், சாக்கு சொல்றேன்னு நினைப்பான்" என்றார். இப்போது நீ சின்னப் பையன் இல்லை. தாளில் எழுதியிருந்தது 'ஜா ரஹா ஹூம்', அதாவது 'போறேன்'. ஒலிவாங்கி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறார். குரல் நடுவில் உடைந்திருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இயக்குநர் இன்னொரு முறை என்றார். மறுபடி உடைந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு அவர், இதை 'ஆத்தா ஹூம்' என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். "அண்ணா, அவன் அவளை விட்டுட்டுப் போறான், வெத்தலை வாங்கவா போறான்?" என்று இயக்குநர் இந்தியில் கத்தினாராம். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். அங்கே அவருக்கு 'மதராஸி' என்று ஒரு பெயர் உண்டு. பம்பாயிலேயே பிறந்து வளர்ந்து இந்தியைத் தண்ணீர் மாதிரி பேசுகிறவரை, அன்றைக்குத்தான் அந்தப் பெயர் சரியாகப் பிடித்தது. கடைசியில், சரி, ஆள் திரும்பி நிற்கிறான், வாய் தெரியவில்லை, நேரமாகிறது, எதையோ சொல்லித் தொலை என்று விட்டுவிட்டார்கள்.

தொழில் தெரிந்தவர் செய்யக் கூடாத தப்புதான் அது. நான் இல்லையென்று சொல்லவில்லை. தமிழை இந்திக்குள் கொண்டுபோய் வைத்தால் அது வேறு அர்த்தமாகிவிடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவருடைய அம்மா வாசலில் நின்று, போறேன் என்றவர்களைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்லிவிட்டுப் போகச் சொல்கிற மனுஷி. அப்படி வளர்ந்த வாய் அது. உன்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போன பிறகு அந்தச் சொல் அவருக்கு இன்னும் கனமாகிவிட்டது. எந்த மொழியில் சொன்னாலும் அது உன்னிடம் சொல்வது போலத்தான் அவருக்கு இருந்தது. அது பொய் இல்லை பரணி. அவரால் சொல்ல முடியாமல் போன ஒரு சொல்லின் இடத்தில் வந்து விழுந்த இன்னொரு சொல். நாளைக்கு நீ ஒருத்தியோடு வாழப் போகிறாய். அவள் சொன்னதை வைத்து மட்டும் அவளைக் கணக்குப் போடாதே. எதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்பதையும் கவனி. பேசத் தெரியாத அம்மாவோடு வளர்ந்தவன் நீ. உனக்கு அது கஷ்டமாக இருக்காது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. அடுத்த பாகம் வந்தபோது ஒரு சினிமா நடிகரையே பேசவைத்துவிட்டார்கள். சுவரொட்டியில் அந்த நடிகர் பெயரைப் போட்டால் கூட்டம் வரும். உன் அப்பாவுக்குக் கூட்டத்தில் கத்துகிற குரல் கொடுத்தார்கள். காப்பாத்து, ஓடு, அதோ பார் என்று கத்துகிறவர்கள். "இப்போ நான்தான் ஊர் ஜனம். ஹீரோ வந்து என்னைக் காப்பாத்துறான்" என்று தொலைபேசியில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "ஏம்மா, லைன்ல இருக்கியா?" என்றார். அப்போதே திரும்பி வந்திருக்கலாம். ஏன் வரவில்லை என்று நீ கேட்கலாம். ஒரு மழைக்காலத்தில் வந்தாரே, உன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் நீ படிக்கப் போகிறேன் என்று ஊரின் மறுகோடிக்குக் குடிபோயிருந்த ரோஹித் வீட்டுக்குப் போய்விட்டாய். அவர் கிளம்புகிற வரைக்கும் வரவில்லை. உன் அறைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, உன் கால்பந்து ஷூவைக் கையில் எடுத்து, அதன் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் காலைவிடப் பெரிசாயிடுச்சு" என்றார். உன்னைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், படிக்கட்டும் என்றார். அதன் பிறகு வருவதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை. குறைந்தபட்சம் அங்கே கத்துவதற்காவது குரல் தேவைப்பட்டது.

வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி இப்போது தொண்டை கெட்டுவிட்டது. குரல்நாணில் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை, வேறு மாதிரி கட்டி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறிக்கையை நானும் வரவழைத்துப் பார்த்தேன், அது என் தொழில். இரண்டு வாரத்துக்கு முன்னால் அறுவை சிகிச்சை முடிந்தது. கொஞ்ச காலத்துக்கு ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. அதன் பிறகும் பழைய குரல் வருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டார். நாளையிலிருந்து பேச முடியாது என்று தெரிந்த ஒருவர் எதையெல்லாம் சொல்வார் என்று நான் நினைத்து வைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை, கேட்டார்.

"அவன் குரல் இப்போ எப்படி இருக்கு?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அவர் கடைசியாகக் கேட்டது குரல் உடைவதற்கு முன்னால் இருந்த உன் குரலை. ஊர் உலகத்துக்கெல்லாம் குரல் கொடுத்தவருக்குத் தன் மகன் எப்படிப் பேசுவான் என்று தெரியாது. நான் சொல்லிப் பார்த்தேன். கனமாக இருக்கும் என்றேன். எவ்வளவு கனம் என்றார். உங்களை மாதிரி என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன், நீ கோபித்துக்கொள்வாயோ என்று. வாயால் சொல்ல எனக்கு எது வந்திருக்கிறது? வீட்டுத் தொலைபேசியின் பதிவுக் கருவியில் நீ விட்ட செய்தி ஒன்று அழிக்காமல் இருந்தது. கைபேசியை அதன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். போன மாதம் நீ விட்ட செய்தி. "அம்மா, நான்தான். இந்த வீக்எண்ட் வேலை இருக்கு, வர முடியாது. சாப்பிட்டியா? சரி, அப்புறம் பேசறேன்." அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

பிறகு, ஒலிவாங்கி முன்னால் நிற்கிறவரின் குரலில் சொன்னார். "மூச்சு சரியா எடுக்கல. வாக்கியம் முடியறதுக்குள்ள காத்து போயிடுது. கடைசி வார்த்தைய முழுங்குறான்."

"ஆமா" என்றேன்.

"இன்னொரு தடவை போடு" என்றார்.

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். கைபேசி சூடாகிக் கையில் சுடுகிற வரைக்கும் நீ வர முடியாது என்று சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். குறை சொல்வதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

நான் உன்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்கிற உரிமை எனக்கு இருப்பதாகவும் நினைக்கவில்லை. நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தை யாரும் உனக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. உனக்குச் சனிக்கிழமை வேலை இருக்கும், ஞாயிறு துணி துவைக்க வேண்டும், சிட்னியிலிருந்து விமானம் பிடிக்க வேண்டும், எல்லாம் தெரியும். ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே விமான நிலையத்தில் அவர் வெளியே வருவார். கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பார் என்று அவருடைய தங்கை சொன்னாள். அவரால் உன்னிடம் எதையும் விளக்கிச் சொல்ல முடியாது, சாக்குச் சொல்ல முடியாது, கெஞ்சவும் முடியாது. எதிர்த்து ஒரு வார்த்தை வராது. நீதான் பேச வேண்டும். திட்டுவதானால் திட்டு, ஆங்கிலத்தில் வேண்டுமானாலும் திட்டு. சிட்னி மழையைப் பற்றிச் சொல். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க நான் மெதுவாகவே காரோட்டுகிறேன்.

அம்மா